தக்கை மாஸ்டரும் சிவப்பு நாற்காலியும்

சும்மா கிடந்ததற்காகக் கைதட்டல் வாங்கிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் காரைக்கால்காரர். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடலாம், எனக்குக் கோபமில்லை. ஆனால் நாளைக்கு டீக்கடையில் யாராவது சொல்லக் கேட்டுவிட்டு, 'அடடா, படிக்காம விட்டுட்டோமே' என்று என்னிடம் வந்து நிற்கக்கூடாது.

அவர் பெயர் தக்கை மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. 'தக்கை மாஸ்டர், தருமபுரம், காரைக்கால்' என்று எழுதிப் போட்டாலே தபால் போய்ச் சேர்ந்துவிடும். கோயில் குளத்தில் மல்லாந்து படுப்பார். காலையில் கோபுரத்தில் வெயில் விழும்போது படுத்தாரானால், சாயங்காலம் தீபாராதனை மணி அடிக்கும்போதுதான் எழுந்திருப்பார். நடுவில் கையை அசைக்கமாட்டார், காலை உதைக்கமாட்டார், கரையைத் தொடமாட்டார். மீன் வலையில் கட்டுகிற தக்கை மாதிரி அப்படியே கிடப்பார். வித்தை அவ்வளவுதான். இதைப் பார்க்க, சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு வந்த கூட்டத்தில் பாதி இங்கே வந்து நிற்கும். சனீஸ்வரனுக்கே கொஞ்சம் மனத்தாங்கல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அப்போது மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கோழிக்கடைத் திறப்பு விழா, எதுவானாலும் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் கத்துவேன். கத்திக் கத்தித் தொண்டை போன பிறகுதான் எழுத வந்தேன். மாஸ்டருக்கு நான்தான் வர்ணனையாளன். அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கிரிக்கெட் என்றால் பந்து வரும், போகும். ஜல்லிக்கட்டு என்றால் மாடு முட்டும். இங்கே என்ன நடக்கிறது? ஒரு மனுஷன் தண்ணீரில் கிடக்கிறார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! மாஸ்டர் கிடக்கிறார். தொடர்ந்து கிடக்கிறார். இதோ, ஒரு தும்பி! தும்பி வருகிறது, மூக்கின் மேல் உட்காருகிறது, மாஸ்டர் தும்முவாரா, தும்முவாரா... தும்மவில்லை! தும்பி போய்விட்டது பொதுமக்களே. மாஸ்டர் கிடக்கிறார்."

இப்படி ஒரு நாள் முழுக்கப் பேச வேண்டும். தும்பி வந்த நாள் எனக்கு அதிர்ஷ்ட நாள்.

மாஸ்டர் பிறவியிலேயே தக்கை இல்லை. முதலில் அவர் தெருவோர மேஜிக்காரர். துண்டை விரித்து உட்கார்ந்தாரென்றால் வாயிலிருந்து கலர் கலராக ரிப்பன் வரும், உங்கள் காதிலிருந்து கோழி முட்டை வரும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மாங்கன்று. மாங்கொட்டையை ஒரு பிடி மண்ணில் புதைப்பார், கூடையைக் கவிழ்ப்பார், பேசிக்கொண்டே இருப்பார், கூடையை எடுத்தால் கன்று நிற்கும். கன்றில் ஒரு பிஞ்சு மாங்காய் தொங்கும். நாகூர் கந்தூரியிலும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் அதைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆள் கிடையாது.

அதோடு இருந்திருக்கலாம். ஒரு வருஷம் என்னிடம் வந்து, "மைக்கு, ஒரு யோசனை வந்துருக்கு" என்றார். என்னை அவர் மைக்கு என்றுதான் கூப்பிடுவார். "நம்ம ஊரு மாங்கனித் திருவிழாவுல மாங்கன்னு வித்தை! எப்புடி?"

"பிரமாதம் மாஸ்டர்!" என்றேன். எனக்கும் அறிவு வேலை செய்யவில்லை.

எங்கள் மாங்கனித் திருவிழாவை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். சாமி தெருவில் வரும்போது மாடிக்கு மாடி ஜனங்கள் நின்று கூடை கூடையாக மாம்பழத்தைக் கீழே வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். வானத்திலிருந்து பழம் கொட்டும் என்றால் கதையில்லை, நிஜமாகவே கொட்டும். அந்த ஊரில், அந்த நாளில், அந்தத் தெருவுக்குப் பக்கத்துக் குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, இவர் கூடையைத் தூக்கி ஒரே ஒரு பிஞ்சைக் காட்டினால் எவன் பார்ப்பான்? பார்த்தது நானும் ஒரு ஆடும். ஆடும் கன்றைத் தின்னத்தான் வந்தது.

மாஸ்டர் விடவில்லை. எழுந்து நின்று, "பாருங்கய்யா, கொட்டைலேர்ந்து கன்னு! கன்னுலேர்ந்து காயி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்போது ஏதோ ஒரு மாடியிலிருந்து வந்தது ஒரு பழம். நல்ல குண்டு ருமானி. சரியாக நெற்றிப் பொட்டில் அடித்தது. மாஸ்டர் அப்படியே பின்னால் சாய்ந்து, குளத்துக்குள் போய் விழுந்தார்.

'ஐயோ' என்று ஓடினோம். பார்த்தால், மல்லாந்து மிதக்கிறார். கண் மூடியிருக்கிறது. முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பழகிய கையல்லவா, விழும்போதே அந்தப் பழத்தைப் பிடித்திருக்கிறது. பழத்தோடு கிடக்கிறார், முங்கவில்லை. படிக்கட்டு நிறையக் கூட்டம் கூடிவிட்டது. அப்புறம் எவனோ கைதட்டினான் பாருங்கள், குளமே அதிர்ந்தது. இதுவும் வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

பின்னால் அவர் என்னிடம் சொன்னார். "கண்ணத் தொறந்தேன் மைக்கு, மேல வானம். மேகம் ஒண்ணு போயிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தக் கை ரெண்டும் எதையாச்சும் ஒளிச்சுக்கிட்டே இருந்துச்சா, அன்னிக்குத்தான் மொத தடவையா ஒண்ணையும் ஒளிக்காம சும்மா கெடந்துச்சு. அப்பப் பாத்து சனம் கைதட்டுது! போதும்டா சாமி, இனிமே கை வித்தையே வேணாம்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்."

தரையில் அவரைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். வாசற்படி இருந்தால் தடுக்கி விழுவார். டீ கிளாஸைக் கையில் கொடுத்தால் பாதி டீ பக்கத்தில் இருப்பவருக்கு. பேருந்து நிலையத்தில் சொந்த ஊர் பஸ்ஸில் ஏறாமல் கும்பகோணம் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். கேட்டால், "தரை ரொம்பக் கெட்டி மைக்கு. எங்க கால வச்சாலும் திருப்பி அடிக்குது" என்பார். குளத்தில் இறங்கிவிட்டால் ராஜா.

அந்தக் குளத்து மத்தியானங்களை நான் எப்படிச் சொல்வேன்? தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருக்கும். கோபுரத்துப் புறாக்கள் குமுறிக்கொண்டே இருக்கும். நடுவில் மாஸ்டர், அவரைச் சுற்றிக் கோபுரத்தின் நிழல் தலைகீழாக. வெயில் நகர நகர நிழலும் நகர்ந்து அவர் மேல் ஏறி இறங்கிப் போகும். என் குரலே எனக்குத் தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படியில் சாய்வார்கள். முதலில் கொட்டாவி, அப்புறம் தலை ஆடும், அப்புறம் அடுத்தவன் தோள். மூன்று பக்கப் படியிலும் ஜனங்கள் விழுந்து தூங்குவார்கள். பஸ்ஸை விட்டார்கள், பூக்காரி வியாபாரத்தை விட்டாள். நானே இரண்டு தடவை மைக்கில் குறட்டை விட்டிருக்கிறேன், ஊரே கேட்டது.

ராத்திரி தூங்காத பச்சைப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். மாஸ்டரைக் காட்டினால் போதும், பிள்ளை விரல் சூப்பிக்கொண்டே கண்ணை மூடிவிடும். பிரெஞ்சுக்காரப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், தொப்பி வைத்துக்கொண்டு கைத்தடியோடு வருவார். சண்டைக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டில் தூக்கமே கிடையாதாம். படியில் உட்கார்ந்து சாயங்காலம் வரை அசந்து தூங்கிவிட்டு, எழுந்து, குளத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு தடவை சென்னையிலிருந்து ஒரு யூடியூப் பையன் வந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை வீடியோ எடுத்துப் போட்டான். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்கள்: 'வீடியோ நின்னுடுச்சா, இல்ல என் நெட்டு போச்சா?' மாஸ்டருக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

இத்தனை கைதட்டல் வாங்கியவருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அவர் மிதப்பதை அஞ்சலை ஒரு தடவை வந்து பார்க்கவேண்டும்.

அஞ்சலை அவர் மனைவி. கருக்களாச்சேரி மீனவர் குப்பத்தில் பிறந்தவள், மார்க்கெட்டில் கருவாட்டுக்கடை. எனக்குத் தங்கச்சி முறை. உறவெல்லாம் கிடையாது, வாரம் தவறாமல் அவளிடம் நெத்திலிக் கருவாடு வாங்கிய வகையில் வந்த முறை. மாஸ்டருக்கு விடிகாலையில் எழுந்து சுடுகஞ்சி வைத்துக் கொடுப்பாள், ஈரத் துண்டைப் பிழிந்து காயப்போடுவாள், ஊரில் எவனாவது 'உன் புருஷன் வேலைவெட்டி இல்லாம கெடக்குறான்' என்றால் கருவாட்டாலேயே அடிப்பாள். ஆனால் குளத்துப் பக்கம் மட்டும் வரமாட்டாள். அவளுடைய அண்ணனைக் கடல் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தபோது, கரையில் முதலில் பார்த்தவள் அவள்தான். மல்லாந்து வந்தானாம், தூங்குகிறவன் மாதிரி.

"ஊரு பாக்கட்டும் அண்ணே, என்ன கூப்புடாதீங்க" என்பாள் என்னிடம். "தண்ணில ஒரு மனுஷன் மல்லாந்து கெடக்குறத இன்னொரு தடவ இந்தக் கண்ணு பாக்காது."

மாஸ்டரும் அவளைக் கூப்பிடமாட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து குளத்துப் படியில் போடுவார். அதன்மேல் ஒரு துண்டு. நான் வர்ணனையை ஆரம்பிப்பதே அதில்தான்: "பொதுமக்கள் கவனத்துக்கு, சிவப்பு நாற்காலியில் யாரும் உட்கார வேண்டாம், ஆள் வருகிறது." வருஷக்கணக்காகச் சொன்னேன், ஆள் வரவில்லை. அதற்குப் பதிலாக என் செல்போன்தான் அடிக்கும். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "அண்ணே, எந்திரிச்சுட்டாரா?" அவ்வளவுதான் கேட்பாள். "எந்திரிச்சுட்டார் தங்கச்சி" என்று நான் சொன்ன பிறகுதான் கடையை எடுத்துவைப்பாள்.

ஒரு நாள், பொன்னாடை போர்த்திக்கொள்வதற்கென்றே பிறந்த ஒரு பெரிய மனுஷர் வந்தார். துண்டை எடுத்து எறிந்துவிட்டுச் சிவப்பு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். நான் மைக்கில், "ஐயா, அது..." என்பதற்குள் தண்ணீரில் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். மாஸ்டரைக் காணோம். தக்கை மாஸ்டர் முங்கிவிட்டார்! நாலு பேர் குதித்து முடியைப் பிடித்து வெளியே இழுத்தோம். மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தாளு எந்திரிச்சுட்டானா?"

பிற்பாடு விளக்கம் சொன்னார். "ஒடம்புல எவ்ளோ பாரம் இருந்தாலும் தண்ணி தாங்கிரும் மைக்கு. மனசு கடுகடுன்னு ஆச்சுன்னா தாங்காது."

அப்புறம் ஒரு கோடையில் குளத்தைத் தூர்வார ஆரம்பித்தார்கள். தண்ணீரை இறைத்துவிட்டார்கள். மாஸ்டர் தவித்துப்போனார். தரையில் நடந்து நடந்து முழங்காலெல்லாம் சிராய்ப்பு. வீட்டில் பாயில் படுத்தால் உருண்டு விழுகிறார். பாயிலிருந்து விழ முடியுமா என்று கேட்காதீர்கள், அவரால் முடியும். ஒரு நாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பூவம் போய்விட்டார். இந்தத் தடவை சரியான பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அங்கே நண்டலாறு ஓடுகிறது. இந்தக் கரை நம்முடைய புதுச்சேரி யூனியன் பிரதேசம், அந்தக் கரை தமிழ்நாடு. சட்டையைக் கழற்றிப் புதரில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கிப் படுத்தார். குளத்து ஞாபகம் வந்ததோ என்னவோ, நன்றாகத் தூங்கிவிட்டார். ஆறு அவரை மெல்லத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

நம் கரையில் பாலத்துப் பக்கத்து டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். எதிர்க் கரையில் இறால் பண்ணைக் காவல்காரரும் பார்த்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை. எந்தக் கரையில் பிணம் ஒதுங்குகிறதோ அந்தக் கரைக்காரன்தான் சாட்சி சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும். ஆளுக்கொரு மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கூடவே இரண்டு கரையிலும் ஊர் கூடிவிட்டது. இவர் கழியால் நைசாக அந்தப் பக்கம் தள்ளுவார், அவர் இந்தப் பக்கம் தள்ளுவார்.

"யோவ், இது ஒங்க ஆளுய்யா! நாங்க தலைய எண்ணிப் பாத்துட்டோம், எங்க பக்கம் எல்லாரும் இருக்கோம்!"

"ஒங்களுக்கு எவ்ளோ பெரிய மாநிலம், இடம் இருக்கு, வச்சுக்குங்க! நாங்க யூனியன் பிரதேசம், தம்மாத்தூண்டு! எங்களுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய பொணம்?"

மாஸ்டர் பின்னால் இதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "யாரோ தொட்டில் ஆட்டுற மாதிரியே இருந்துச்சு மைக்கு. அப்புடி ஒரு தூக்கம் நான் தூங்குனதே இல்ல."

நான் அந்த நேரத்தில் மார்க்கெட்டில் ஆட்டோவை நிறுத்திப் புதுத் துணிக்கடைக்கு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் மைக், செல்போன் அடித்தது, இன்னொரு கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்த டீக்கடைக்காரர்தான், என்னிடம் சீரியல் லைட் செட் வாடகைக்கு எடுத்த பழக்கம். "மைக் செட்டு அண்ணே, இப்பத்தான் மொகத்தப் பாத்தேன், ஒங்க தக்கை மாஸ்டரு ஆத்துல பொணமா மெதக்குறாரு, கழியால தள்ளியும் அசையல, சீக்கிரம் வாங்க!" மைக்கை நான் அணைக்கவில்லை. அது அப்படியே குழாய் வழியாக மார்க்கெட் முழுக்கக் கேட்டது.

கருவாட்டுக்கடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அஞ்சலை தராசைக் கீழே வைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க அண்ணே" என்றாள்.

வழி நெடுக அவள் அழவில்லை. நான்தான் அழுதுகொண்டே ஓட்டினேன். வெயிலில் வயல்களெல்லாம் வெள்ளையாகக் கிடந்தன, ரோட்டில் கானல் தண்ணீராக ஓடிக்கொண்டே இருந்தது. போகப் போகப் பூவம் வரவே வராதுபோல் இருந்தது.

ஆற்றங்கரையில் கூட்டம் அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. கழிக்காரர்கள் இரண்டு பேரும் கழியைத் தாழ்த்தினார்கள். நடு ஆற்றில் மாஸ்டர் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார், கண் மூடி, கை விரிந்து. எதைப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தாளோ அதைப் பார்த்துக்கொண்டு அஞ்சலை நின்றாள். இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கிப் போனாள். வீட்டில் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாளே, அதே குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க!"

எங்கேயோ ஒரு மீன்கொத்தி கத்தியது.

"ஏங்க!"

நடு ஆற்றிலிருந்து, தூக்கக் கலக்கத்தில், இழுவையாக வந்தது: "ம்ம்ம்..."

பிணம் பேசினால் ஜனம் நிற்குமா? டீக்கடைக்காரர் கழியைப் போட்டுவிட்டு ஓடினார். எதிர்க் கரையில் இறால் பண்ணைக்காரர் ஓட இடமில்லாமல் தண்ணீரிலேயே விழுந்தார். ஒரு மாநிலத்து ஜனமும் ஒரு யூனியன் பிரதேசத்து ஜனமும் ஒரே நேரத்தில் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாஸ்டர் கண்ணைத் திறந்தார். தலையை மெதுவாகத் திருப்பினார். தண்ணீரில் நிற்கும் அஞ்சலையைப் பார்த்தார்.

"வந்துட்டியா!" என்றார்.

அவ்வளவுதான். 'க்ளுக்'. முங்கிவிட்டார்.

நானும் குதித்தேன், இறால் பண்ணைக்காரர் ஏற்கெனவே தண்ணீரில்தான் இருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாக இழுத்துக் கரையில் போட்டோம். தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்ததும், "என்ன மாஸ்டர், மனசு கடுகடுன்னு ஆச்சா?" என்றேன்.

"இல்ல மைக்கு. அவளப் பாத்ததும் வாயத் தொறந்து சிரிச்சுட்டேன். உள்ள இருந்த காத்தெல்லாம் போயிருச்சு."

அஞ்சலைக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "யோவ், மனுசனாய்யா நீ!" என்று அவர் முதுகில் பட்பட்டென்று அடித்தாள். அடித்த கையாலேயே தலையைத் துவட்டினாள், துவட்டிக்கொண்டே மறுபடி அடித்தாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"இனிமே நீங்க எங்க மெதந்தாலும் நானும் வருவேன். கரையில குந்தியிருப்பேன். அப்பப்ப கூப்புடுவேன். கூப்ட ஒடனே 'ம்'னு சொல்லணும். சொல்லலன்னா எறங்கி வந்து முக்கிப்புடுவேன்."

குளத்தில் மறுபடி தண்ணீர் விட்டதும் மாஸ்டர் மிதக்க வந்தார். சிவப்பு நாற்காலியிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அஞ்சலை உட்கார்ந்தாள். மடியில் முறம், முறத்தில் ஆய்வதற்குக் கருவாடு. கருவாட்டை ஆய்ந்துகொண்டே, தண்ணீரைப் பார்க்காமலே கூப்பிடுவாள், "ஏங்க." நடுக் குளத்திலிருந்து, "ம்ம்ம்." புறா குமுறும், நிழல் நகரும், கொஞ்ச நேரம் போகும். "ஏங்க." "ம்ம்ம்." ஜனங்களுக்கு அதற்கு முன்னால் இருந்ததைவிட நல்ல தூக்கம் வந்தது. என் வர்ணனையை ஒருவரும் தேடவில்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு நானே மைக்கை அணைத்துவிட்டுப் படியில் சாய்ந்துகொண்டேன். என் பிழைப்பைக் கெடுத்த அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக்கொண்டே தூங்கிய தூக்கம் மாதிரி எனக்கு வாய்த்ததே இல்லை.

மாஸ்டர் போன ஐப்பசியில் தவறிப்போனார். தண்ணீரில் இல்லை, தருமபுரம் வீட்டில், பாயில், உருண்டு விழாமல். மழை விட்ட காலை நேரம். அடுப்படியிலிருந்து காப்பிக்காக அஞ்சலை கூப்பிட்டிருக்கிறாள், 'ம்' வரவில்லை. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போன மாதம் அவளிடமிருந்து போன். "அண்ணே, அந்த நாக்காலி ஒங்ககிட்டதான இருக்கு? சாயங்காலம் கொளத்துக்கு எடுத்தாரீங்களா?"

மாஸ்டர் போனதிலிருந்து என் மைக் செட்டோடு கிடந்த சிவப்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். அதே படியில் போட்டேன். முறமில்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்தாள். குளத்தில் கோபுர நிழல் மட்டும் முழுசாகக் கிடந்தது, நடுவில் ஆளில்லை. புறாக்கள் அடையப் போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க" என்றாள்.

ஒன்றும் நடக்காதபோது பேசுவதுதான் என் தொழில், அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை.

"ஏங்க" என்றாள் மறுபடி.

தாங்க முடியவில்லை. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நான், "ம்" என்றேன்.

அஞ்சலை சட்டென்று திரும்பிப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர், ஆனால் சிரித்துவிட்டாள்.

"அண்ணே, மைக்குல சொல்ற மாதிரி இருக்கு. அவரு 'ம்' இவ்ளோ கெட்டியா இருக்காது. இன்னுங் கொஞ்சம் இழுத்து, தூக்கத்துலேர்ந்து வர்ற மாதிரி."

வாழ்நாள் முழுக்கக் கத்தியவனுக்கு அது லேசில் வருமா? தினமும் சாயங்காலம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அந்தப் படியில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்றுத்தான், "கிட்ட வந்துட்டீங்க அண்ணே" என்றாள்.